ஆமென் இல்லாத பாட்டு

மௌரீன் எழுதும் இசை எல்லாம் கடைசியில் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் நிருபமா மேடத்துக்கு இருந்த ஒரே குறை. அந்தக் குறையை அவர் முதல் வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாம் வருஷம் சிரிக்காமல் சொன்னார்.

"எவ்வளவு நல்லா போய்ட்டிருக்கு, மௌரீன்! எங்கேயோ புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க. கடைசி ரெண்டு பார் வந்ததும் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, பெஞ்சுல உட்கார வச்சு, ஆமென் சொல்ல வைக்கிறீங்க. யாக்கே? ஏன்?"

பதில் மௌரீனுக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம். பன்னிரண்டு வயதிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கோயில் ஒன்றில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள். ஆர்கன் பழுதாகிக் கீபோர்டு வந்தது, கீபோர்டு பழுதாகி இன்னொரு கீபோர்டு வந்தது, வாசிக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. அந்தக் கோயிலில் எந்த ஞானப்பாட்டு முடிந்தாலும் ஆமென் உண்டு. கீபோர்டில் இரண்டே இரண்டு கார்ட், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கட்டு. 'ஆ'வுக்கு ஒன்று, 'மென்'னுக்கு ஒன்று. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று மேலிருந்து கீழாக நாலு குரலும் ஆளுக்கொரு சுரத்தில் நின்று நிதானமாகப் பாடும். அது முடிந்தால்தான் பாடகர் குழு உட்காரும். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியில்லை, கால்களுக்கே பழகிப்போயிருந்தது. கல்லூரிக்காக அவள் எதை எழுதினாலும், முடிவு நெருங்கும்போது விரல்கள் அவளைக் கேட்காமலே அந்த இரண்டு கார்டுக்குப் போய்விடும்.

முப்பத்தாறு வயதில், பள்ளிக்கூட மியூசிக் டீச்சர் வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு, இசையமைப்பில் எம்.ஏ. படிக்கப் போனவளை, வீடு இருந்த லிங்கராஜபுரத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பாட்டுப் போட எதற்குப் படிப்பு, பாட்டு என்ன இன்ஜினியரிங்கா என்று கேட்டவர்களும் உண்டு. வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் லேப்டாப்பும் ஹெட்போனுமாகத் திரியும் பிள்ளைகள். மிக்ஸி சத்தத்தையும் மெட்ரோ கதவு மூடுகிற சத்தத்தையும் பதிவு செய்து, நீட்டி இழுத்து, இதுதான் இசை என்பார்கள். கேட்டால் நன்றாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் மௌரீனுக்கு எரிச்சல்.

அவளைப் படிக்கப் போகச் சொன்னது தம்பி ஃபிராங்க்ளின்.

ஃபிராங்க்ளினுக்கு அத்திபெலேயில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. லிங்கராஜபுரம் ஊரின் இந்தக் கோடி என்றால் அத்திபெலே அந்தக் கோடிக்கும் அப்பால். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழுவின் பயிற்சிக்கு அவன் லேட்டாக வந்தால் பெங்களூரில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் லேட்டு! வீட்டிலிருந்து கோயிலுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். போன் பண்ணினால், "வந்துட்டேன், வந்துட்டேன், திருப்பத்துல இருக்கேன்" என்பான். பின்னணியில் குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். முதல் பாட்டின் கடைசிச் சரணத்தில் பக்கவாட்டுக் கதவு திறக்கும். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, டெனார் நிற்கிற இடத்தில் நின்று, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் ஆமெனில் சேர்ந்துகொள்வான். கூசாமல், முழுக் குரலில், பாட்டு முழுவதையும் தானே தூக்கிச் சுமந்தவனைப் போலப் பாடுவான். குரல் அப்படிச் சுத்தமாக இருக்கும். திட்ட நினைத்தவர்களுக்கும் வாய் வராது.

சோப்ரானோவில் முன்வரிசையில் நிற்கும் கேரல் ஆண்ட்டிதான் அவனுக்கு 'ஆமென் டெனார்' என்று பேர் வைத்தது. அவன் உள்ளே நுழைந்ததும் உதட்டை மட்டும் அசைத்து, "லேட்டு!" என்பார். அவன் கண்ணடிப்பான். குழுவில் இருந்த ஒரே டெனார் அவன்தான் என்பதால் அவனை விரட்டவும் வழியில்லை.

"உன் பரீட்சைப் பாட்டுக்கு நான்தான் டெனார்க்கா" என்று, அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று சொன்னான். "அன்னைக்கு ஒரு நாள் டைமுக்கு வந்துடுறேன், பாரு."

அந்த வருஷ மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காய்ச்சல் என்று படுத்தவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அடக்க ஆராதனையில் குழு பாடியது, பாட்டு முடிந்ததும் ஆமெனும் பாடியது. மூன்று குரல்கள். நாலாவது சுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மௌரீன் அந்த ஓட்டையைக் காதால் கேட்டாள். அவள் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவளும் அப்பா ஓஸ்வால்டும்தான். அம்மா போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. ஓஸ்வால்ட் பள்ளிக்கூட லேபில் அசிஸ்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், குழுவில் நாற்பது வருஷமாக பேஸ். அப்பாவும் மகளும் மீன் விலையைப் பேசுவார்கள், தண்ணீர் லாரியைப் பேசுவார்கள், ஃபிராங்க்ளினைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். அவனுடைய ஹெல்மெட் அலமாரி மேல் இருந்தது. இரண்டு பேரும் அதைத் துடைத்து வைத்தார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

படிப்பு முடிய வேண்டுமென்றால் கடைசியாக ஒரு பெரிய வேலை உண்டு. மாணவரே ஒரு படைப்பை எழுதி, பாடுகிறவர்களையும் தாமே சேர்த்துப் பயிற்சி கொடுத்து, ஆட்கள் முன்னால் அரங்கேற்ற வேண்டும். ஒரே தடவையில் பதிவாகும். அந்தப் பதிவும் சுரங்களை எழுதிய ஸ்கோரும் வெளியிலிருந்து வரும் பரீட்சகருக்குப் போகும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அவர் குடைந்து குடைந்து கேட்பார். திருப்தியில்லை என்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்.

மௌரீன் தன் கோயில் குழுவுக்காக எழுதினாள். வார்த்தையே இல்லாத, வெறும் குரல்களுக்கான பாட்டு. முதல் பிரதியைப் பார்த்த நிருபமா கம்ப்யூட்டர் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு குரலுக்கு நாலு வரி இருந்தன. மூன்றில் சுரங்கள். டெனார் வரியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓய்வுக்குறிகள் மட்டுமே.

"டெனார் பாடவே இல்லையே? இந்த லைனை எடுத்துடலாமே. காலி லைனை சாஃப்ட்வேரே மறைச்சிடுமே."

"அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், மேடம். அது அப்படியே இருக்கட்டும்."

நிருபமா அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். அவளைவிட நாலைந்து வயது சின்னவர்; ஆனாலும் எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தவர். கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே மூன்று குரலும் ஒரு கார்டில் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கேயும் போய் இறங்கவில்லை. அதற்குப் பின் நீண்ட மௌனம். அவ்வளவுதான் பாட்டு.

"ஆமென் இல்ல!" என்றார் நிருபமா. "மௌரீன், ஆமென் இல்ல! ரெண்டு வருஷம் கழிச்சு உங்க கையை நீங்க ஜெயிச்சுட்டீங்க!" எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கண்டிப்பான அந்த அம்மாள் அப்படிச் செய்வார் என்று மௌரீன் எதிர்பார்க்கவில்லை. கையை ஜெயிக்கவில்லை, ஆமென்தான் வாயில் வர மறுக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பயிற்சி தொடங்கியது. கோயில் குழுவில் ஒருவருக்கும் ஐந்து கோட்டு ஸ்கோர் படிக்கத் தெரியாது. அவர்களுக்குப் பழக்கமானது டோ, ரே, மீ என்பதற்கு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு எழுதும் சோல்ஃபா. ஆகவே மௌரீன் பாட்டு முழுவதையும் உட்கார்ந்து சோல்ஃபாவுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தாள். தாளை வாங்கிய கேரல் ஆண்ட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா மௌரீனு, மூணாவது லைன்ல ஒண்ணுமே இல்ல? ஜெராக்ஸ்ல விழலையா?"

கேட்டு முடித்த பிறகுதான் கேரல் ஆண்ட்டிக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார். ஆல்ட்டோவுக்கும் பேஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது; அதை நிரப்பச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஓஸ்வால்ட் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

பாட்டை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முடிவைத்தான் பிடிக்க முடியவில்லை. தொங்கும் கார்ட் வரை அழகாக வருவார்கள். மௌரீன் கையை உயர்த்தி மௌனத்தைப் பிடிப்பாள். எங்கிருந்தாவது ஒரு "ஆ..." கிளம்பிவிடும். முதல் தடவை ஆல்ட்டோவிலிருந்து. அடுத்த தடவை பேஸ் கிளெமென்ட் அங்கிள். மூன்றாவது தடவை கேரல் ஆண்ட்டியே. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எல்லோருக்கும்.

"பேஜாராப் போச்சும்மா" என்றார் கிளெமென்ட். "கட்டுப்படுத்தணும்னு பார்த்தா இன்னும் முட்டிட்டு வருது, தும்மல் மாதிரி."

"ஆமென் இல்லாம எப்ப உட்கார்றதுன்னே தெரியலையே" என்றார் ஓஸ்வால்ட்.

"நான் கையை இறக்குவேன் டாடி. அப்ப உட்காருங்க. அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது."

"சரிம்மா" என்றார் அவர். ஆனால் அன்றைக்கு அவர் உட்கார்ந்தது எல்லோருக்கும் கடைசியில்.

வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒருவழியாக அவர்கள் மௌனத்தில் நிற்கப் பழகினார்கள். மௌரீன் நம்பினாள்.

அரங்கேற்றத்தன்று கல்லூரியின் சின்ன அரங்கு நிறைந்துவிட்டது. நிறைத்தது கேரல் ஆண்ட்டி. சபையில் பாதிப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, இஸ்திரி போட்ட சட்டை, ஒரு டப்பா நிறைய பஃப்ஸ் சகிதம் அவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, மிக்ஸி இசைப் பையன்களின் படைப்பைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மௌரீனின் முறை. ஒலிப்பதிவு செய்கிற ஹரிஷ், சேலத்திலிருந்து வேலைக்கு வந்தவன், வந்து கேட்டான்: "சோப்ரானோ, ஆல்ட்டோ, பேஸ், மூணு மைக் போதும்ல மேடம்? டெனார் இல்லன்னு சொன்னீங்களே."

"இல்ல. மூணு போதும்" என்றாள்.

பாட்டு அவள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. பயிற்சிக்கு நடுவே காய்கறி விலை பேசிய குரல்கள்தானா இவை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டெனார் வரி வர வேண்டிய இடங்களில் மற்ற மூன்று குரலும் வழிவிட்டு விலகி நின்றன. அந்த வெறும் இடம் நன்றாகக் கேட்டது. கடைசி கார்ட் வந்தது, தொங்கியது, நின்றது. மௌரீன் உயர்த்திய கையை அப்படியே வைத்திருந்தாள். மௌனம். யாரும் இருமவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓஸ்வால்டின் வாய் திறந்தது.

அவர் "ஆ" என்று ஆரம்பித்ததும் குழுவின் மற்ற குரல்கள் தாமாக வந்து அவரவர் சுரத்தில் உட்கார்ந்துகொண்டன. அவர்களை அடக்கி வைத்திருந்த அணை ஒன்று உடைந்ததுபோல் இருந்தது. அடுத்த நொடியில் அரங்கிலிருந்த சபை முழுவதும் பஃப்ஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே சேர்ந்துகொண்டது. கல்லூரியின் கூரை வரை ஏறி இறங்கியது அந்த ஆமென். பிறகு குழு உட்கார்ந்தது. மௌரீனின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் நிருபமா பின்பக்கம் வந்தார். "கவலைப்படாதீங்க. மௌனம் ஆரம்பிச்ச இடத்துலயே பதிவை முடிச்சிக்கலாம். ஆமெனுக்கு முன்னாடி வெட்டிட்டா பரீட்சகருக்குத் தெரியாது. ஸ்கோர்ல இருக்கிறதுதானே போகுது, தப்பில்ல. நாளைக்கு ஹரிஷ்கிட்ட உட்காருங்க." மௌரீன் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கோபத்தில் காது அடைத்திருந்தது.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது ஓஸ்வால்ட் மெல்ல, "தெரியாம வந்துடுச்சு, மௌரீ" என்றார்.

"நாப்பது வருஷப் பழக்கம் இல்ல? எப்படி விடும்?"

"கெடுத்துட்டேனாம்மா?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். மனுஷி தாங்கிக்கொள்வதற்கும் ஒரு அளவு இருக்கிறதே. "அவன் போன அன்னைக்கும் நீங்க எல்லாரும் எழுந்து நின்னு ஆமென் பாடினீங்க, டாடி. நான் பாடல. இந்த ஒரு பாட்டுல மட்டுமாவது பாட வேணாம்னு நினைச்சேன். அதையும் விட மாட்டேன்னுட்டீங்க."

தோளில் இருந்த அப்பாவின் கை விலகியது. சிக்னல் விழுந்தது. மௌரீன் வண்டியை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஒலிப்பதிவு அறையில் ஹரிஷ் கோப்பைத் திறந்து வைத்திருந்தான். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டத்தான் மௌரீன் போனாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் மேடம். பேஸ் மைக்ல ஒரு டெனார் இருக்கே. யாரு அது?"

"டெனாரே கிடையாதுப்பா."

"இருக்காரு மேடம். கேளுங்களேன்."

மற்ற இரண்டு மைக்கையும் மூடிவிட்டு, பேஸ் மைக்கை மட்டும் ஓடவிட்டான். சபையின் கூட்டுக் குரல் தூரத்துக்குப் போய்விட்டது. மௌரீன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழே கிளெமென்ட் அங்கிளின் பேஸ், ஃபாவிலிருந்து டோவுக்கு இறங்கியது. அது இருக்க வேண்டியதுதான். அதற்கு மேலே, அதே ஃபாவை ஒரு ஸ்தாயி உயரத்தில் எட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல் இருந்தது. வயதான குரல். அந்த உயரம் அதற்குப் பழக்கமில்லை. நடுங்கியது, விளிம்பில் கிழிந்தது, ஆனாலும் விடவில்லை. 'மென்' என்ற இடத்தில் அது டோவுக்குப் போகவில்லை. ஒரு படி இறங்கி மீயில் நின்றது.

ஃபா, மீ. ஆமெனில் டெனாருடைய இரண்டு சுரங்கள்.

நாற்பது வருஷமாகக் கீழே பாடிய மனிதர், நேற்று தன் இடத்தை விட்டு மேலே ஏறியிருந்தார். அப்பாவின் வாய் திறந்ததை மட்டும் பார்த்துவிட்டு, அவர் என்ன பாடினார் என்பதைக் கேட்காமலே வண்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தாள் அவள். எம்.ஏ. இசையமைப்பு!

"எங்க வெட்டலாம் மேடம்?" என்றான் ஹரிஷ்.

"வெட்ட வேணாம்" என்றாள் மௌரீன். "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."

வீட்டுக்குப் போனபோது ஓஸ்வால்ட் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். அவளும் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒரு பிடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

"நேத்து நீங்க பேஸ் பாடல, டாடி."

அவர் கை நின்றது.

"உன் கை மேலயே இருந்துச்சும்மா" என்றார். "எல்லாரும் சும்மா நின்னுட்டிருந்தோம். அவன் வர்ற நேரம் அது. கதவையே பார்த்துட்டிருந்தேன். வருவான், வந்துடுவான்னு... ஒவ்வொரு பயிற்சிலயும் அந்த இடத்துல கதவைப் பார்த்துட்டுதான் நிப்பேன். நேத்து ரொம்ப நேரம் ஆயிடுச்சா, தாங்கல. அவன் லைனை யாராவது பாடணும்லம்மா."

அடக்க ஆராதனையில்கூட அழாதவர். பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். மௌரீன் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளும் இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது டாடி" என்றாள். "போகுது விடும்மா" என்றார் அவர். பிறகு இரண்டு பேரும் ஃபிராங்க்ளினைப் பற்றிப் பேசினார்கள், அவன் பக்கெட் தண்ணீர்ப் பொய்களைப் பற்றி. சமையல் ஆக வெகு நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் மௌரீன் ஸ்கோரின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தொங்கும் கார்டை அப்படியே விட்டாள். மௌனத்தையும் விட்டாள். அதற்குப் பிறகு ஆமெனை எழுதினாள். பக்கம் பக்கமாக ஓய்வுக்குறியாக இருந்த டெனார் வரியின் கடைசியில் இரண்டே இரண்டு சுரங்கள் விழுந்தன.

நிருபமா அதைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பழையபடி கோயிலுக்கே போயிட்டீங்களே, மௌரீன்!"

"இல்ல மேடம். இந்தத் தடவை நான் போகல. அவங்க வந்தாங்க." பேஸ் மைக்கின் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினாள். நிருபமா இரண்டாவது தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றிக் கொடுக்க நேரமாயிற்று. "பரீட்சகர் விடமாட்டாரு, கேப்பாரு" என்றார் கடைசியில். "கேட்டா நீங்கதான் சொல்லணும். நான் வாய் திறக்க மாட்டேன்."

பரீட்சகர் தேசிகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். மெல்லிய குரல், கூர்மையான கேள்வி. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். மூன்று குரலும் விலகிப் போகிற இடங்களைப் பற்றிக் கேட்டார், மௌரீன் தடுமாறாமல் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் அவர் பென்சில் நின்றது.

"இது எனக்குப் புரியலையே. ஒரு ஆளைப் பாட்டு முழுக்க நிக்க வச்சுட்டு, எல்லாம் முடிஞ்சு மௌனமும் முடிஞ்ச பிறகு, ஆமெனுக்கு மட்டும் கூப்பிடுறீங்க. ரெண்டே சுரம். இது என்ன கணக்கும்மா? டெனார் எதுக்குக் கடைசியில வர்றாரு?"

நிருபமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மௌரீன் அந்தக் கேள்விக்காக இரண்டு பக்கம் தயார் செய்து வைத்திருந்தாள். அமைப்பு, எதிர்பார்ப்பு, வெற்றிடம் என்று நல்ல நல்ல வார்த்தைகள். அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க டெனார் எப்பவும் லேட்டாத்தான் வருவான், சார்" என்றாள்.

தேசிகன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. ஸ்கோரை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பி, அந்தக் காலி வரியை விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை வந்தார்.

"அப்படின்னா இதுல ஒரு ஓய்வுக்குறியைக்கூட எடுக்க வேணாம்" என்றார். "நல்ல பாட்டும்மா. பாஸ் பண்ணிட்டீங்க, போங்க."

அந்தச் சனிக்கிழமை பயிற்சியில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான். மௌரீன் கீபோர்டில் இருந்தாள். ஓஸ்வால்ட் தன் இடத்தில், கிளெமென்ட் பக்கத்தில் நின்று எல்லாச் சரணமும் பேஸ் பாடினார். கடைசிச் சரணம் முடிகிற நேரத்தில் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இரண்டு வருஷமாகக் காலியாக இருந்த இடத்துக்கு நகர்ந்து வந்தார். அதற்குள் எல்லோரும் மூச்சு எடுத்துவிட்டார்கள். அவர் அவசர அவசரமாக நிமிர்ந்து நின்றார்.

"லேட்டு!" என்றார் கேரல் ஆண்ட்டி, சத்தமாகவே.

சிரிப்பும் கண்ணீருமாக அவர்கள் ஆமென் பாடினார்கள், நாலு குரலில். மௌரீனும் வாசித்துக்கொண்டே பாடினாள். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.